முட்டிவலிக்கு முன்னுரிமை

கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்தாகிவிட்டது. துவைத்துக் காயப்போட்ட பிறகும் குளிர்சட்டையிலிருந்து நெத்திலிச் சம்பல் வாசனை போகவில்லை. அதற்குள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு தகவல்: "அடுத்த வருஷம் எங்கே? இப்பவே புக் பண்ணாத்தான் நல்ல வீடா கிடைக்கும்." அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். விரலைத் தூக்கியவர்களில் பாதிப் பேர், மலையில் இருந்தபோது, "இனிமே இந்தக் கூட்டத்தோட எங்கயும் வரமாட்டேன்" என்று என்னிடம் தனித்தனியாகச் சத்தியம் செய்தவர்கள். சத்தியத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் ஒன்றும் இல்லை. கழிப்பறை வரிசையில் அவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ எந்நேரமும் நான் நின்றிருந்தேன்.

நான் எழுத உட்கார்ந்தது தேயிலையைப் பற்றி. கியா பார்மில் தங்கிவிட்டு வந்தவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? ஒரு கோப்பைத் தேநீரை அது விளையும் மலையிலேயே உட்கார்ந்து குடிப்பதற்கும் ஷா ஆலாமில் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் குறித்து எனக்கு ஒரு தீர்க்கமான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் போகிறேன். முதலில் இந்த வீட்டு விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

பேச்சு இத்தாலியில்தான் ஆரம்பித்தது. பூச்சோங் மாப்பிள்ளை குழுவில் ஒரு படம் போட்டார். டஸ்கனி பக்கம் ஒரு கிராமத்து வில்லா. கல்சுவர், வாசலில் சைப்ரஸ் மரங்கள், பின்னால் ஒலிவத் தோப்பு, கொடிப்பந்தலுக்குக் கீழே நீள மேசை. அதைச் சுற்றி வெள்ளை உடுத்திய ஒரு பெரிய குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. யாரும் "அந்தக் கரண்டி எங்கே?" என்று உள்ளே பார்த்துக் கத்தவில்லை. "நம்ம ஃபேமிலியும் ஒரு தடவை இப்படிப் போகணும்" என்று படத்துக்கு அடியில் எழுதியிருந்தார். எல்லாரும் இதயம் போட்டோம்.

விமானச் சீட்டின் விலை தெரிந்ததும் இத்தாலி பாலியாகச் சுருங்கியது. பெரியப்பாவின் கடப்பிதழ் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று தெரிந்ததும் பாலி லங்காவியாயிற்று. ஃபெரி என்ற சொல்லைக் கேட்டதுமே கிள்ளான் அத்தைக்குத் தலை சுற்றியது. போர்ட்டிக்சன் போகலாமா என்றால், "ஒவ்வொரு தடவையும் அங்கதான் போறோம். தீவாளிக்குத் தீவாளி கடல்ல கால நனைச்சிட்டு வர்றதுக்கு வீட்லயே வாளில நனைச்சுக்கலாம்." கடைசியில், மலேசியாவில் எல்லாக் குடும்பங்களும் சண்டை போட்டு முடித்து எங்கே வந்து சேருமோ, அங்கேயே நாங்களும் வந்து சேர்ந்தோம். வீட்டின் பெயரில் 'வில்லா' இருந்தது. இத்தாலியில் மிச்சமானது அது ஒன்றுதான்.

சன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். திறந்தேன். காய்கறிப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் கூடாரங்கள். கழுத்தை இடப்பக்கம் நன்றாக ஒடித்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பார்த்தபோது மலைச்சரிவில் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பச்சை. அதைத் தேயிலை என்று நம்பினேன். கோசாகவும் இருந்திருக்கலாம்.

வழியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது; ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. தாப்பா வழி பழைய வழி. தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர்போல வரும். அத்தனை கிலோமீட்டரும் வளைவு. சிம்பாங் பூலாய் வழி அகலம், ஆனால் "லாத்தா இஸ்கண்டார் அருவி அந்தப் பக்கம் இல்லையே" என்றார் பெரியப்பா. அருவியில் இறங்கி நிற்பதாக யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் அது வழியில் இருக்க வேண்டும். பாதி வண்டிகள் இப்படியும் பாதி வண்டிகள் அப்படியுமாகப் போய், இரண்டு சாராரும் கியா பார்ம் ஜேமில் எதிரெதிராகச் சந்தித்துக்கொண்டோம். சன்னலை இறக்கி நலம் விசாரித்தோம். அவசரமே இல்லை.

இந்த மலையை 1885இல் வந்து பார்த்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். பார்த்தவர், வரைபடத்தில் அதைச் சரியாகக் குறிக்காமலே போய்விட்டார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து இங்கே ஒரு கோடை வாசத்தலம் அமைக்கலாம் என்று சொல்லும் வரையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், மலை பாட்டுக்கு இருந்தது. கேமரன் கவனக்குறைவால் விட்டுவிட்டார் என்று சரித்திரம் சொல்கிறது. பள்ளி விடுமுறை சனிக்கிழமை பிற்பகலில் கியா பார்ம் சந்தை முன்னால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது, மனுஷர் தெரிந்தேதான் விட்டிருப்பார் என்று தோன்றியது. ஒரே சாலை. இரண்டு பக்கமும் கடை. நடுவில் சுற்றுலாப் பேருந்து. அதன் பின்னால் கோசு ஏற்றிய பழைய லேண்ட் ரோவர். ஸ்ட்ராபெரி வடிவத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி சாலையைக் கடக்கும் ஒரு முழுக் குடும்பம். எங்கள் வண்டியிலிருந்து இறங்கிப் போன பையன், அவித்த சோளம் வாங்கி, தின்று, சக்கையைப் போடத் தொட்டி தேடி, கை கழுவிவிட்டு வந்தான். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. டிரைவர் சீட்டில் இருந்த நான் மட்டும் கொஞ்சம் மூப்படைந்திருந்தேன்.

சரி, வீடு.

நான்கு அறைகள். அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அட்டாச்டு பாத்ரூம். அந்த அறை கீழ்த்தளத்தில். உள்ளே இரட்டைக் கட்டில், கனத்த போர்வை, தனி ஹீட்டர். மற்ற மூன்று அறைகளும் மாடியில். மாடிக்கும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் சேர்த்து ஒரு பொதுக் கழிப்பறை. இது தெரிந்த கணமே, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் வலித்தது கிள்ளான் அத்தைக்கு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, முதல் படியில் ஒரு காலை வைத்து, "ஆண்டவா" என்று மட்டும் சொன்னார். கூடம் முழுவதும் கேட்டது. உடனே ஈப்போ பெரியம்மா சோபாவில் உட்கார்ந்து இரண்டு முட்டிகளையும் தடவ ஆரம்பித்தார். அத்தைக்கு வலது முட்டி மட்டும்தான்; பெரியம்மாவுக்கு இரண்டு. எண்ணிக்கையில் பெரியம்மா முந்தினார். அத்தை பழுத்தவர், விடவில்லை. "எனக்கு ஒண்ணுதான். ஆனா டாக்டரு தேய்ஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு வெறும் வாயுதானே அக்கா?" வெறும் வாயு! பெரியம்மாவின் முகம் மாறியது. அவர் கைப்பையைத் திறந்து எக்ஸ்ரே படத்தை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். எடுத்தார்.

இந்த இடத்தில் சுங்கை சிப்புட் மாமா உள்ளே வந்தார். அவருடைய முட்டி அறுவை சிகிச்சை செய்த முட்டி. நம் குடும்பங்களில் அறுவை செய்த முட்டிக்கும் செய்யாத முட்டிக்கும் எது உசத்தி என்பது இன்னும் தீராத வழக்கு. செய்யாதவர்கள் சொல்வது: "உங்களுக்குத்தான் புது முட்டி போட்டாச்சே, நீங்க ஏறலாமே." செய்தவர்கள் சொல்வது: "அத்தனை ஆயிரம் வெள்ளி கொட்டிப் போட்ட முட்டி. அது கெட்டுப்போனா யாரு பொறுப்பு?" இரண்டுமே நியாயம். மாமா கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டித் தையலைக் காட்டினார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கேமரன் மலையில் அவர்கள் பார்த்த முதல் காட்சி அது.

கிள்ளான் அத்தையின் மகள் டாக்டர். அவளை நடுவராகப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். தன் தாய் ஒரு கட்சிக்காரி என்பதால் அவள் விலகிக்கொள்ள வேண்டும் என்று ஈப்போ தரப்பு ஆட்சேபித்தது. சரி என்று அவள் விலகி, "எல்லாரும் எக்சசைஸ் பண்ணினா எல்லாரும் மேலே ஏறலாம்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். அதன்பின் யாரும் அவளோடு பேசவில்லை.

முட்டியில் முடியவில்லை என்றதும் வழக்கு மற்ற உறுப்புகளுக்குப் போனது. பெரியப்பா ராத்திரி பல தடவை எழுந்திருக்க வேண்டியவர். இதை அவர் சொல்லவில்லை, பெரியம்மா எல்லார் முன்னாலும் சொன்னார், பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பிப் பச்சையைத் தேடினார். ஸ்கூடாய் அண்ணன் தூங்கும்போது மூச்சுக்கு ஒரு மெஷின் மாட்டிக்கொள்கிறவர். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருப்பது அந்த அறையில் மட்டும்தான் என்பதை டார்ச் அடித்துப் பார்த்து உறுதிசெய்துவிட்டு வந்தார். பூச்சோங் மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை ஆன்லைனில் மீட்டிங்; வைஃபை அந்த அறையில்தான் பிடிக்கிறதாம். கைக்குழந்தைக்காரி பால்புட்டியைத் தூக்கிக் காட்டினாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்காகக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் கூடத்தில் என்று பேசாமலே முடிவாகிவிட்டது. பெண்ணுக்குப் பக்கத்தில் பாட்டி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நான்.

நான் குறட்டை விடுவதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டதில்லை.

இத்தனை பேரையும் விட ஆபத்தானவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. உங்கள் கூட்டத்திலும் இருப்பார். "எங்களப் பத்திக் கவலப்படாதீங்க, நாங்க எங்கேன்னாலும் படுத்துக்குவோம்." சிரம்பான் சின்னம்மா இதை வாசலிலேயே சொல்லிவிட்டார். தியாகிகள் எல்லாரும் மற்றவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவருடைய பை எப்படியோ அந்த அறைக்குள் போய்விட்டிருந்தது. கட்டிலின் மேல் நடு மையத்தில். விரைவுப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது என்று ஊரில் சொல்வார்களே, அதே வித்தைதான். துண்டுக்குப் பதில் சக்கரம் வைத்த பெட்டி. "ஐயய்யோ, வழியில கெடந்துச்சேன்னு ஓரமா வச்சேன்" என்றார். பெட்டிக்குள்ளிருந்த போர்வை ஏற்கெனவே விரித்தாகியிருந்தது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கால அட்டவணை போட்டே காலம் தள்ளியவன். ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து, முதல் இரவு யார், இரண்டாம் இரவு யார், முட்டி உள்ளவர்களுக்கு எத்தனை மணி நேரம், மெஷின் உள்ளவர்களுக்கு எத்தனை என்று நீதியாக எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அதைப் படித்துப் பார்த்த ஒரே ஆள் வீட்டுக்காரச் சீனர். ஒட்டிய டேப் பெயின்டை உரிக்கும் என்று மறுநாள் கழற்றச் சொன்னார்.

வழக்கு முடிந்த விதம் இதுதான். தாப்பா வளைவுகளில் இருமுறை வாந்தியெடுத்து அசந்து போயிருந்த ஒரு சின்னப் பெண், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்து போய், சின்னம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கக்கூடாது. அவளுடைய அம்மா துணைக்குப் படுத்தாள். அவளுக்குத் துணையாக அவளுடைய தங்கை. அறை முடிந்தது. மாடியில் எந்த அறை பெரியது என்று பார்ப்பதற்காக, சற்று முன்வரை ஒரு படிகூட ஏற முடியாதிருந்த அத்தனை முட்டிகளும் ஒரே ஓட்டமாக மேலே ஓடின. அறுவை செய்த முட்டி முதலில் போய்ச் சேர்ந்தது. வழக்கைத் தீர்த்துவைக்க ஆதாரம் கிடைத்த அந்த நேரத்தில் நடுவர் யாரும் இல்லை.

தேயிலைக்கு வருகிறேன். ஒரு நிமிஷம், வெந்நீரைச் சொல்லிவிடுகிறேன்.

கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும். சமவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளிக்கிற நம் ஆட்கள் இங்கே ஒரு வேளையாவது குளிக்காமல் இருக்கலாம். எந்தச் சாமியும் கோபிக்காது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசை நிற்கும். ஹீட்டரைப் போட்டால் ரைஸ் குக்கரைப் போடக்கூடாது. ரைஸ் குக்கர் ஓடும்போது கெத்தலைத் தட்டினால் மெயின் சுவிட்ச் டப்பென்று விழும். வீடு இருட்டாகும். குளியலறையிலிருந்து, தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நிற்கும் ஒருவரின் குரல் வரும்: "கெத்தலப் போட்டது யாரு?" யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கெத்தல் தானாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் பியூஸ் பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கிவிடும் உத்தியோகம் எனக்கு வந்தது. உயரமானவன் என்று காரணம் சொன்னார்கள். கொடுத்த உத்தியோகத்தைச் சரியாகச் செய்தேன். ஆனால் சுங்கை சிப்புட் மாமா உள்ளே இருந்தபோது கொஞ்சம் நிதானமாகவே நடந்து போனேன்.

ரைஸ் குக்கர் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டீர்கள். உங்கள் வண்டியிலும் ஒன்று போகிறது. எங்களுடன் வந்தவை: பெரிய ரைஸ் குக்கர், சின்ன ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள் பொட்டலங்கள், ஐஸ் பெட்டியில் ஊறப்போட்ட கோழி, ஒரு சாக்குச் சார்டின் டின், கருவேப்பிலை, ஒரு கோசு. கேமரன் மலைக்கு, நாடே கோசு வாங்க வருகிற ஊருக்கு, கிள்ளான் சந்தையில் வாங்கிய கோசு. அது இங்கிருந்துதான் அங்கே போயிருக்கும். பிறந்த ஊரைப் பார்க்க ஏறி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே சாப்பிடலாம் என்று பேச்சு வராமல் இல்லை. இந்தக் குளிருக்கு ஸ்டீம்போட் நன்றாக இருக்கும் என்று இளசுகள் சொன்னார்கள். பெரியப்பா விலைப் பட்டியலைப் பார்த்தார். "சுடுதண்ணிய அவன் வைப்பான், நாமளே வேகவச்சு, நாமளே எடுத்துத் திங்கணும், அதுக்குத் தலைக்கு இவ்வளவு வெள்ளியா?" என்றார். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. திரும்பி வந்து ரசம் வைத்தோம்.

'வைத்தோம்' என்பது இலக்கணத்துக்காக. வைத்தது பெண்கள். இதில் எனக்கு உள்ளபடியே எரிச்சல் உண்டு. அத்தைமாரும் சின்னம்மாவும் கேமரன் மலையில் பார்த்தது அடுப்படிச் சன்னல் ஒன்றுதான். அதுவும் கம்பி போட்டது. பசியாறல் முடிந்து பாத்திரம் கழுவினால் மதியத்துக்கு வெங்காயம் உரிக்கும் நேரம். மதியம் முடிந்தால் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் மைலோவும். பிறகு ராத்திரிக்கு பார்பிக்யூ என்று ஆண்கள் அறிவிப்பார்கள். ஆண்கள் கரியைப் பற்றவைத்து, அதைச் சுற்றி நின்று, விசிறுவார்கள். கோழிக்கு மசாலா தடவுவது, கம்பியில் குத்துவது, வேகாததை எடுத்துப்போய் அடுப்பில் திரும்ப வேகவைப்பது எல்லாம் உள்ளே நடக்கும். படம் எடுக்கும்போது விசிறியவர்தான் நடுவில் நிற்பார். "ட்ரிப்புன்னா இதான் ட்ரிப்பு. நல்லா ரெஸ்ட்டு" என்று அந்தப் படத்தைக் குழுவில் போட்டவருக்கு முதல் கட்டைவிரல் அவர் மனைவியிடமிருந்து வந்தது. அந்த விரலில் மஞ்சள் கறை இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பியூஸ் பெட்டி பார்த்தேன். சொன்னேனே.

ராத்திரி காராவோகே. வீட்டுக்காரர் பெருமையாக வைத்திருந்த பெட்டி அது. டி.எம்.எஸ். பாட்டுகள் மூன்றை ஒரே மெட்டில் பாடக்கூடியவர் எங்கள் பெரியப்பா. மலை எதிரொலித்தது, அவர் ஒருவர்தான், ஆனால் பலராகக் கேட்டது.

இந்த மலையில் கூட்டமாக வீடெடுத்துத் தங்குபவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று நான் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்ட அமெரிக்கர். 1967 மார்ச் மாதம் தானா ராத்தாவில் 'மூன்லைட்' என்ற பங்களாவில் நண்பர்களோடு தங்கியிருந்தார். மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் தேவாலயம், பிறகு பிக்னிக், பங்களாவுக்குத் திரும்பியதும் எல்லாரும் மதியத் தூக்கத்துக்குப் போனார்கள். அந்த நேரத்தில் தாம்சன் வெளியே நடந்தார். அவ்வளவுதான். போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள், ஆரூடம் சொல்கிறவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சலித்தார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. உளவுத்துறை வேலை என்பார்கள், புலி என்பார்கள், லாரி என்பார்கள். அரைநூற்றாண்டுக்கு மேலாகப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள்.

எழுதியவர்களில் யாரும் எங்கள் குடும்பத்தோடு தங்கியவர்கள் இல்லை என்பது தெரிகிறது. அந்த பங்களாவில் அவரையும் சேர்த்து நான்கே பேர். நான்கு பேருக்கே ஒரு மனிதர் சிகரெட்டைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போயிருக்கிறார். நாங்கள் இருபதுக்கு மேல். பிற்பகலில் நான் ஒரு முறை சத்தமில்லாமல் வாசல்வரை போனேன். செருப்பைத் தேடினேன், ஒற்றைதான் கிடைத்தது. "எங்க போறீங்க? போறதுதான் போறீங்க, முட்டை ஒரு தட்டு வாங்கிட்டு வந்திருங்க" என்று உள்ளிருந்து குரல். நம் குடும்பங்களில் காணாமல் போவதற்குக்கூட ஒரு பட்டியல் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

தேயிலை. ஆமாம். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குத் திரும்பும் சாலை கியா பார்மிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் காலை பசியாறியதும் கிளம்புவதாக ஏற்பாடு. பசியாறி முடிந்தபோது மணி பதினொன்று. அத்தனை வண்டிகளும் வரிசையாகப் போய், ஜேமில் நின்றன. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சாலையோரச் சரிவில் கொஞ்சம் தேயிலைப் புதர்கள் இருந்தன. "இங்கயே எடுத்துக்கலாம், எல்லாம் ஒரே தேயிலதானே" என்று இளசுகள் இறங்கினார்கள். ஒரு பெண் சந்தையில் வாங்கிய மூங்கில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் பாவனையில் நின்றாள். நல்ல சிரிப்பு. படம் எடுத்தார்கள்.

ஈப்போ பெரியம்மா வண்டியிலிருந்து இறங்கவில்லை. அவர் ரிங்லெட் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவர். இந்த மலைத் தேயிலையின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்; ஒரே ஒரு நீராவி உருளையும் கோவேறு கழுதைகளும் கூலியாட்களுமாகக் காட்டுச் சரிவைத் தோட்டமாக்கினார்கள். 1933இல் பாரத் நிறுவனம் வந்தது. நிறுவனத்தின் பெயர் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. கூலியாட்கள் என்ற ஒரு சொல்லுக்குள்ளே பெரியம்மாவின் அப்பா அம்மா இருக்கிறார்கள். இப்போது வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம். பிடித்து நடப்பவர்கள் வங்காளதேசம், நேப்பாளம் என்று வெளியூர்ப் பிள்ளைகள்.

பெரியம்மா சன்னலை இறக்கி, கூடை மாட்டிய பெண்ணின் கையைப் பார்த்தார். "என்னாடி, முத்துன இலையப் பிச்சு வச்சிருக்கே? ரெண்டு இலை, ஒரு கொழுந்து. இப்படிப் பறிச்சா அன்னிக்குப் பேரு இல்ல" என்றார். பேர் இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, சிரித்தாள். "உள்ளாற போவாதீங்க, அட்டை இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியம்மா சன்னலை ஏற்றிக்கொண்டார். 'கேமரன் போனோமே, உங்களுக்கு எது பிடிச்சுது?' என்று பின்னால் ஒரு பேரன் கேட்டதற்கு, "பெரிய வீட்டுல உக்காந்து சாப்பிட்டேன், போதும்" என்றார். அறை கிடைக்காத கோபம் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு யாருக்கோ கழிப்பறை அவசரம். வண்டிகளைத் திருப்பினோம். சுங்கை பாலாஸ் போகவில்லை. மலையில் நான் குடித்தது முழுவதும் ஷா ஆலாம் பேரங்காடியில் தள்ளுபடியில் வாங்கி, ஒரு பெட்டியில் அடைத்து எடுத்துப்போன மூன்றும் கலந்த பொடி. அதையும் கெத்தல் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்ததால் பாதிச் சூட்டில்தான் குடித்தேன். விளையும் மலையில் குடிப்பதற்கும் வீட்டில் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பற்றிய கருத்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆசிரியர் கொடுத்த பக்கங்கள் முட்டியிலேயே தீர்ந்துவிட்டதால் அதை வேறு இதழில் எழுதுவேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். பள்ளி விடுமுறையில் கேமரன் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் வழியாகப் போங்கள், வார நாளில் போங்கள், சாப்பாட்டைக் கடையில் வாங்கி அடுப்படியைப் பூட்டிவிடுங்கள். முன்பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் தோட்டம் தெரியுமா, காராவோகே உண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல், எத்தனை கக்கூசு என்று கேளுங்கள். ஒன்று என்றால் போனை வைத்துவிடுங்கள்.